கை தூக்கி நின்ற வைப்பர்

திருவண்ணாமலையில் வந்து இறங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நான் எங்கள் காரின் பின்பக்கத்தைப் பார்த்தேன். பேருந்து நிலையத்துக்கு வெளியே ஓரமாக நின்றிருந்தது. பின்கண்ணாடி முழுக்கக் காய்ந்த சேறு. அதன் நட்டநடுவில் வைப்பர் செங்குத்தாக அப்படியே நின்றிருந்தது.

"இன்னும் சரியாகலையா கண்ணு?" என்றேன்.

"வந்ததும் வராததுமா அதையே கேளு. சாப்பிட்டியான்னு நான் கேக்கறேன், நீ வைப்பரக் கேக்கற" என்றாள் என் மகள் நிவேதா. பையை வாங்கிக்கொண்டாள். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது.

நிவேதா மாட்டு டாக்டர். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கால்நடை மருந்தகத்தில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் மெஷினில் தைக்கிறவள். ஏழாம் வகுப்போடு மெஷினில் உட்கார்ந்தேன், இன்னும் எழுந்திருக்கவில்லை. கிராமம் கிராமமாகப் போக அவளுக்கு வண்டி வேண்டுமென்று எங்கள் சூப்பர்வைசரிடம் இருந்த பதினாலு வருஷப் பழைய காரை வாங்கினோம். பிள்ளையார் கோயில் வாசலில் பூஜை போட்டுத்தான் அனுப்பினேன். பூசாரி முன்பக்கம் மாலை போட்டார், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார், தேங்காய் உடைத்தார், முடிந்தது என்று போய்விட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. முன்னால் சாமி பார்த்துக்கொள்ளும், பின்னால் யார் பார்ப்பார்கள்? வீட்டில் நானே கட்டி வைத்திருந்த செவ்வந்திச் சரத்தைப் பின்பக்கத்து வைப்பரில் இரண்டு சுற்றுச் சுற்றி, காற்றில் அவிழாதபடி முடிச்சுப் போட்டுவிட்டேன். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

பத்து நாள் முன்பு நிவேதா போன் செய்தாள். நல்ல மழையில் ஒரு மாட்டுக்கொட்டகைச் சந்திலிருந்து வண்டியைப் பின்னால் எடுத்திருக்கிறாள். கண்ணாடியில் சேறு. வைப்பரைப் போட்டால் அது பாதி வழியில் நின்றுவிட்டது. தெரிந்த மட்டும் பார்த்து எடுத்தவள், யாரோ கத்துகிற சத்தம் கேட்டு பிரேக்கை மிதித்தாள். வண்டிக்குப் பின்னால் ஓர் ஆள்.

"ஒரு சாண்தான்மா இருந்துச்சு" என்றாள். அப்புறம், "வண்டிய வித்துட்டு நானும் அங்கயே வந்துரட்டுமா?" என்றாள்.

கம்பெனியில் லீவு கிடைத்ததும் கிளம்பினேன். ஆனால் "வந்துரு கண்ணு" என்ற பதிலை மனசுக்குள் மடித்து வைத்துக்கொண்டுதான் பேருந்து ஏறினேன். அவள் இன்னொரு தடவை கேட்டால் போதும், எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

நிவேதா ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு சந்தில் அறை எடுத்திருக்கிறாள். வண்டியைச் சந்துக்குள் கொண்டுபோகாமல் செங்கம் சாலை ஓரத்திலேயே நிறுத்தினாள். அங்கிருந்து பையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

"வீட்டு வாசல்ல எடம் இருக்குதே கண்ணு?"

"இருக்கு. காலைல ரிவர்ஸ்ல வரோணும்ல" என்றாள்.

வண்டியைப் பூட்டும்போது, வேட்டி கட்டின ஒரு வெள்ளைக்காரர் சைக்கிளை நிறுத்தி, பின்கண்ணாடியைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். திட்டுகிறாரோ என்று பயந்துவிட்டேன். "என்ன சொன்னாரு?" என்றேன்.

"உங்க கார் ரொம்ப நேரமாக் கை தூக்கிட்டு நிக்குது, யாராச்சும் என்னன்னு கேளுங்கன்னாரு" என்றாள் நிவேதா.

அன்று ராத்திரிச் சாப்பாடு தெருமுனைக் கடையில். அங்கே ஒரு வேடிக்கை. வெள்ளைக்காரர்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையால் இட்லியைப் பிசைந்து சாப்பிடுகிறார்கள். பக்கத்து மேசையில் நம் பிள்ளைகள் தோசையை முள்கரண்டியால் குத்துகிறார்கள். சட்னியில் காரம் எங்கள் ஊரைவிட அதிகம். நான் தேங்காய்ச் சட்னி கேட்டேன், கடைக்காரர் "அதுலயும் மொளகா ஜாஸ்திதான்மா" என்று மரியாதையாக எச்சரித்துவிட்டு ஊற்றினார்.

சனிக்கிழமை காலையில் மெக்கானிக் அன்வர் பாய் கடைக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் நாலு வேன் நின்றது. மறுநாள் பௌர்ணமி, எல்லா வண்டிக்கும் ஆள் ஏற்றப் போகிற அவசரம். பாய் வேனுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே வைப்பர் சுவிட்சை ஒரு தடவை திருகினார். உள்ளே ஒரு முனகல் கேட்டது. வைப்பர் அசையவில்லை.

"மோட்டார் அவுட்டுக்கா" என்றார்.

"கழட்டிப் பாக்க வேண்டாமுங்களா?"

"கழட்டாமயே தெரியும்க்கா. நான் இன்னிக்கு நேத்தா வைப்பர் பாக்கறேன்? இந்த மாடலுக்குச் சாமான் வர்றதே இல்ல. வேலூர்ல பழைய வண்டி ஒடைக்கிற எடத்துல சொல்லி வெக்கிறேன், வந்துச்சுன்னா மாட்டிடலாம். நாளைக்கு ரோடு அடைச்சுடுவாங்க. செவ்வாக்கெழம வாங்க."

"திங்கக்கிழமை காலைல பாப்பாவுக்கு கேம்ப் இருக்குதுங்க. மாட்டுக்கு ஊசி போடற கேம்ப்."

"மின்னாடி வைப்பர் நல்லாதானக்கா ஓடுது? போறது மின்னாடி. பின்னாடி ஜாஸ்தி பாத்தீங்கன்னா மின்னாடி முட்டிப்பீங்க!" என்று சொல்லிச் சிரித்தார். வேனுக்கு அடியில் இருந்தும் யாரோ சிரித்தார்கள்.

நிவேதா சிரிக்கவில்லை. பாய் அவள் முகத்தைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. உள்ளே போய் ஒரு சுத்தமான துணியும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்து கொடுத்தார். "டாக்டரம்மா, ரிவர்ஸ் எடுக்கறதுக்கு மின்ன எறங்கி ஒரு தபா தொடச்சுக்கோங்க. பின்னாடி யார் கீறாங்கன்னும் அப்பிடியே பாத்துடலாம். எங்க ஊட்டு வண்டில வைப்பரே இல்ல, நான் அப்பிடித்தான் ஓட்றேன்" என்றார். எங்கள் ஊர் மெக்கானிக்குகள் இவ்வளவு தன்மையாகப் பேசி நான் கேட்டதில்லை. அவர் சொன்னதும் சரிதான். ஆனால் கொட்டுகிற மழையில் துடைத்துவிட்டு வந்து உட்காருவதற்குள் மறுபடியும் கண்ணாடி மூடிக்கொள்ளாதா என்று எனக்கு அடுத்த கவலை பிடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை வண்டி எங்கேயும் நகர முடியாது. சாலையெல்லாம் ஜனங்கள். நாங்களும் மலையைச் சுற்றக் கிளம்பினோம். வெறுங்காலில் நடந்தால் ஆணி குத்துமோ, கூட்டத்தில் நிவேதாவைத் தவறவிட்டுவிடுவேனோ, மழை வந்தால் எங்கே ஒதுங்குவது என்று மூன்று கவலையோடு முதல் ஒரு மணி நேரம் நடந்தேன். அதற்குப் பிறகு கால் வலி மற்ற மூன்றையும் மறக்கடித்துவிட்டது.

எங்களுக்கு முன்னால் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பம் நடந்தது. எனக்குத் தெலுங்கு அரைகுறையாகப் புரியும், கம்பெனியில் என் பக்கத்து மெஷின்காரி தெலுங்குக்காரி. அந்த வீட்டம்மா, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று பத்தாவது தடவையாகக் கேட்டாள். அவள் புருஷன், "போன தடவை நீ கேட்டபோது இருந்ததைவிடக் குறைவு" என்றான். அதையே சமாதானமாக எடுத்துக்கொண்டு அவள் நடந்தாள். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

வழியில் வேகவைத்த நிலக்கடலை வாங்கினோம். இங்கே அதற்கு மல்லாட்டை என்று பேர். நான் கடலைக்காய் என்று கேட்டேன், விற்கிற அம்மாள் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மல்லாட்டையா? எந்த ஊரும்மா நீங்க?" என்றாள். உப்பு சரியாக இருந்தது.

அடி அண்ணாமலை தாண்டும்போது ஒரு கடையில் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். நான் ஒரு சரம் வாங்கினேன்.

"அது எதுக்கு?"

"வண்டிக்குக் கண்ணு. பின்னாடி கட்டறதுக்கு."

"நாளைக்கு கட்டிக்கலாம், இப்பப் பையில வை" என்றாள். பத்து அடி நடந்த பிறகு, என்னைப் பார்க்காமலே பேச ஆரம்பித்தாள். "அன்னைக்கு அந்த ஆளோட மூஞ்சியக்கூட நான் பாக்கலம்மா. எறங்கல. என்னாச்சுங்கன்னு கேக்கல. முன்னாடி கொஞ்சம் எடுத்து, அந்த ஆள் வெலகினதும் அப்படியே பின்னாடி எடுத்து வந்துட்டேன். மாட்டுக்கு அடிபட்டா ஓடறவ, மனுசன விட்டுட்டு ஓடி வந்துட்டேன். நாளைக்கு கேம்ப் அதே ஊர்லதான்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பத்து நாளாக அவளுக்குத் தூக்கம் இல்லாதது வண்டியால் மட்டும் இல்லை.

"வண்டியில போறியா, பஸ்ல போறியா?"

"ஐஸ் பெட்டி இருக்கு, ஊசி மருந்து இருக்கு. வண்டியிலதான் போவோணும். தார் ரோட்டுலயே நிறுத்திட்டு நடந்து போயிருவேன். எத்தன நாளைக்கு இப்படின்னுதான் தெரியல" என்றாள்.

"வந்துரு கண்ணு" என்பது தொண்டை வரைக்கும் வந்தது. அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் மல்லாட்டையை உரித்துக்கொண்டே நடந்தோம்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்துக் கூடப் போனேன். கீழ்பென்னாத்தூர் தாண்டிக் கொஞ்ச தூரம். இரண்டு பக்கமும் நெல். எங்கள் பக்கம் இந்த அகலத்துக்குப் பச்சை தெரிந்தால் அங்கே ஒரு சாயப்பட்டறை வந்துவிடும். தூறல் விழுந்துகொண்டிருந்தது. சொன்னபடியே நிவேதா தார்ச் சாலையில் வண்டியை நிறுத்தினாள். சாவியை எனக்காக வண்டியிலேயே விட்டுவிட்டு, ஐஸ் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஊருக்குள் நடந்தாள். பால் சொசைட்டி முன்னால் மாடுகள் வரிசையில் நிற்பது தூரத்தில் தெரிந்தது.

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சாவியைத் திருகி, பாய் செய்த மாதிரி அந்தச் சுவிட்சைத் திருகினேன். பின்னால் முனகல் கேட்டது. நிறுத்தினேன். மறுபடியும் திருகினேன்.

பாய் கடையில் வேன் சத்தத்தில் எனக்குக் கேட்காதது இங்கே கேட்டது. அந்த முனகலை எனக்குத் தெரியும். முப்பது வருஷமாகத் தெரியும். பவர் டேபிளில் பாபினுக்கு அடியில் நூல் சிக்கிக்கொண்டால், மிதிக்க மிதிக்க மோட்டார் இப்படித்தான் முக்கும். மோட்டார் செத்திருந்தால் சத்தமே வராது. பல் உடைந்திருந்தால் கறகறவென்று சும்மா சுற்றும். இது உயிரோடு இருக்கிற மோட்டார். ஏதோ அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கீழே இறங்கிப் பின்னால் போனேன். வைப்பர் கண்ணாடியில் முளைக்கிற இடத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் மூடி. நகத்தால் நெம்பினால் வந்துவிட்டது. உள்ளே ஒரு நட். பத்தாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும். மெஷினைப் பிரித்துப் பிரித்துப் பழக்கம், நட்டைப் பார்த்தாலே நம்பர் தெரியும்.

துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓர் ஆள் ஊருக்குள்ளிருந்து வந்தார். ஐம்பது வயசிருக்கும். என்னையும் வண்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இது டாக்டரம்மா வண்டியாச்சே. நீங்க யாரும்மா?"

"அவங்க அம்மாங்க. ஏனுங்க, பத்தாம் நம்பர் ஸ்பேனர் கிடைக்குமுங்களா?"

"மோட்டார் கொட்டாய்ல கெடக்குது, இருங்க" என்று பக்கத்து வயலுக்குள் இறங்கிப் போனார். அவர் பேர் கோதண்டம். பம்பு செட்டுக்கு வைத்திருக்கிற ஸ்பேனரோடு வந்து, என்னை நகரச் சொல்லி, அவரே நட்டைக் கழற்றினார். வைப்பரை இப்படியும் அப்படியும் ஆட்டி இழுத்தார். கையோடு வந்துவிட்டது.

அது சுழலும் தண்டில் நூல் சுற்றியிருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, பாபின் மாதிரி இறுகச் சுற்றியிருந்தது. நடுநடுவே அழுகின பூவிதழ். என் பையில் எப்போதும் நூல் வெட்டுகிற ட்ரிம்மர் இருக்கும். ஒவ்வொரு சுற்றாக வெட்டி உருவினேன். மேல் சுற்று சேற்று நிறம். உள்சுற்று வந்தபோது என் கை நின்றுவிட்டது. ஆகாய நீலம். போன சீசனில் பிள்ளைகள் சட்டைக்கு வந்த பாலியெஸ்டர் நூல். எத்தனை இழுத்தாலும் அறாது என்பதால்தான் மிச்ச நூல்கண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அதில் பூக்கட்டினேன். பூ உதிர்ந்து போய்விட்டது. நூல் உள்ளே இறங்கிவிட்டது. மழை வந்து வைப்பரைப் போட்டதும், அது ஆடி ஆடித் தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொண்டது.

"இன்னாம்மா அது?" என்றார் கோதண்டம்.

"பூச்சரமுங்க. வண்டிக்கு பூஜை போட்டப்ப கட்டினது."

"இதுலயா? வைப்பர்லயா? எவன் கட்டனான்?"

"நாந்தானுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "அப்ப அன்னிக்கு என்னைச் சட்னி ஆக்கப் பாத்தது டாக்டரம்மா இல்ல, நீங்கதான்னு சொல்லுங்க!"

அந்த ஆள் இவர்தான். விளையாட்டாகத்தான் சொன்னார். ட்ரிம்மரைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கூப்பினேன். "மன்னிச்சுருங்க" என்றேன்.

"அட உடும்மா. நான் மட்டும் என்னா, போன்ல பேசிக்கினே போயி வண்டிக்குப் பின்னாடி நின்னேன். அதுக்கு எங்க ஊட்டுல அன்னிக்கே வாங்கிக் கட்டிக்கினேன்" என்றார்.

கேம்ப் முடிந்து நிவேதா தூரத்தில் வருவது தெரிந்தது. நூலைச் சுருட்டிக் கையில் மூடிக்கொண்டேன். சொல்லாமல் விட்டுவிடலாம். தானாகச் சரியாகிவிட்டது என்றுகூடச் சொல்லலாம். கிட்டத்தில் வந்தவளின் முகத்தைப் பார்த்தேன். பத்து நாளாகத் தன் தப்பு என்று சுமந்துகொண்டிருக்கிற முகம். கையைத் திறந்தேன்.

"இது உன்ற கம்பெனி நூலாச்சே" என்றாள் நிவேதா. பிறகு கழற்றி வைத்த வைப்பரைப் பார்த்தாள், தண்டில் ஒட்டியிருந்த இதழைப் பார்த்தாள். "பின்பக்கத்துக்குக் காவல்னு நீ கட்டினது!" என்றாள். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவளோ பின்கண்ணாடியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் வந்து நாலு நாளில் அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள்.

"இவருதான் கண்ணு, அன்னைக்கு" என்றேன்.

சிரிப்பு நின்றது. துண்டு போட்ட மனிதரிடம் திரும்பினாள். "நான் எறங்கிக்கூடப் பாக்கலைங்க. தப்புங்க" என்றாள்.

"எறங்கியிருந்தா நாலு திட்டு திட்டியிருப்பேன். இப்ப திட்டலாம்னா கோவம் ஆறிப்போச்சு" என்றார் கோதண்டம். "அத்த உடு. எங்க மாடு காலு ஊன மாட்டேங்குது, கேம்புக்கு ஓட்டியார முடியல. அதுக்குத்தான் உன்னைத் தேடிக்கினு வந்தேன். சாமானெல்லாம் வேணும்ல? வண்டிய உள்ள கொண்டா."

நிவேதா அந்த மாட்டுக்கொட்டகைச் சந்தின் பக்கம் பார்த்தாள். உள்ளே போனால் திரும்ப இடம் கிடையாது, பின்னாலேயேதான் வர வேண்டும். கோதண்டம் வைப்பரை மாட்டி நட்டை முறுக்கினார். நான் உள்ளே கையை விட்டுச் சுவிட்சைத் திருகினேன். வைப்பர் பாதி வழி வந்தது, கொஞ்சம் யோசித்தது, மீதி வழியும் போனது. திரும்பி வந்தது. ரப்பர் கிழிந்திருந்தது, இரண்டு கோடு விட்டுத்தான் துடைத்தது. அவள் நாலைந்து தடவை அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வண்டியில் ஏறிச் சந்துக்குள் விட்டாள்.

மாட்டுக்குக் குளம்பில் கல் ஏறியிருந்தது. எடுத்து, மருந்து வைத்துக் கட்டினாள். அதற்குள் தூறல் நல்ல மழையாகிவிட்டது. கொட்டகையில் ஐந்தாறு பேர் ஒதுங்கி நின்றார்கள். நிவேதா இறங்கிப் பாய் கொடுத்த துணியால் பின்கண்ணாடியை ஒரு தடவை துடைத்தாள், சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தாள், உள்ளே போய் உட்கார்ந்தாள். நான் வழக்கம்போல வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன். அவள் பின்னால் எடுக்கும்போதெல்லாம் நான் அங்கே நின்று "வா, வா" என்று கத்துவது எங்கள் வீட்டுப் பழக்கம்.

"டாக்டரம்மா வண்டி எடுக்குது, உசிர் மேல ஆசை இருக்கறவன்லாம் ஓரம் போங்கடா!" என்று கொட்டகையிலிருந்து கோதண்டம் கூவினார். எல்லாரும் சிரித்தார்கள்.

நிவேதா கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள். "ம்மா, பின்னாடி நிக்காத. முன்னாடி போய் நில்லு."

"நான் பாத்துச் சொல்றேன் கண்ணு."

"நீ நின்னீன்னா நான் உன்னைத்தான் பாப்பேன். முன்னாடி போ."

போனேன். பையில் அந்த எலுமிச்சம்பழச் சரம் கனத்தது. அதை எங்கேயும் கட்டவில்லை. மழையில் நனைந்துகொண்டு காரின் மூக்குக்கு நேராக நின்றேன். முன்கண்ணாடி வழியாக அவள் தெரிந்தாள். கழுத்தை முழுசாகத் திருப்பி, பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோளுக்கு அந்தப் பக்கம் வைப்பர் போய்ப் போய் வந்தது. வண்டி மெதுவாக என்னைவிட்டு நகர்ந்தது. வா, வா என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். சந்து முடிந்து தார்ச் சாலையில் ஏறுகிற வரைக்கும் அவள் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.